கூடைப்பந்து: மாற்று வீரர்களை எப்படித் திட்டமிடுவது?
கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி தருகிறவர்கள் பலரும் முதல் ஐவர் யார் என்பதில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆட்டத்தை முடித்துத் தரப்போகும் ஐவரை முதலில் தீர்மானியுங்கள்; தொடங்குகிறவர்களை அதற்கேற்ப அமைக்கலாம்.

சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐவர். ஆக, நீங்கள் பங்கிட வேண்டியது 200 நிமிடங்கள். நான்கு கால் பகுதிகளுக்கும் தாளில் கட்டம் போட்டு, யார் எப்போது வெளியே வருவார் என்று முன்பே எழுதிவிடுங்கள். பந்தைக் கொண்டுசெல்லும் முக்கிய வீரரும் அதிகப் புள்ளி எடுப்பவரும் ஒரே நேரத்தில் பெஞ்சில் இருக்கக் கூடாது. ஐவரையும் மொத்தமாக மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆட்டத்தின் சூடு ஆறிவிடும். முதல் கால் பகுதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கியவரைச் சற்று நேரம் வெளியே எடுங்கள். ஐந்தாவது ஃபவுலோடு அவர் ஆட்டம் முடிந்துவிடும்.

பெஞ்சில் அமர்வது தண்டனை அல்ல என்பதை வீரரிடம் நேரிலேயே சொல்லுங்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2015 இறுதிச்சுற்றில் கோல்டன் ஸ்டேட் அணி ஆட்டக் கணக்கில் 1-2 எனப் பின்தங்கியிருந்தபோது, பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் நெடிய ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்துவிட்டு ஆண்ட்ரே இகுவடாலாவை முதல் ஐவரில் சேர்த்தார். அந்தப் பருவத்தின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட இகுவடாலா முதல் ஐவரில் இறங்கியதில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களையும் அணி வென்றது. இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.