மழையைக் கொடுத்தால் ஆற்று நீரைச் சொல்லும் மாதிரிகள்: எதை நம்புவது?

ஜிஆர்4ஜே, ஸ்வாட், ஹெச்இசி-ஹெச்எம்எஸ் என்ற மூன்று கணினி மாதிரிகளையும் தாமிரபரணிக்கு ஓட்டிப் பார்க்கிறீர்களா? முதலில் மூன்றுக்கும் ஒரே மழைத் தரவைக் கொடுங்கள். நான் ஒன்றுக்கு மட்டும் வேறு மழைமானிகளின் சராசரியைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் மாதிரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். 2023 டிசம்பரில் கடலோரக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கடலோர மானி ஒன்றை வைத்து மலைச்சரிவு மழையை ஊகித்தால் எந்த மாதிரியும் தேறாது.

பாபநாசம் அணைக்குக் கீழே ஓடுவதில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்த்தி. அதனால் மாதிரி சொல்வதை அணைக்கு வரும் நீரோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், பத்து வருடத் தரவு இருந்தால் ஆறு வருடத் தரவில் அளவுருக்களை (மாதிரிக்குள் நாம் திருகிச் சரிசெய்யும் எண்களை) சரிசெய்து, மீதி நாலு வருடத்தில் சோதியுங்கள். மாதிரி சொன்னது அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போட நாஷ்-சட்கிளிஃப் குறியீடு: 1 என்றால் அச்சு அசல், 0 என்றால் தினமும் சராசரியையே சொன்னதற்குச் சமம். ஆனால் இது பிழையை வர்க்கமாக்கும். வெள்ளத்தில் 200 கனஅடி தவறினால் 40,000, கோடையில் 10 தவறினால் வெறும் 100. கோடை ஓட்டம் முக்கியமென்றால் ஓட்டத்தின் மடக்கையை (லாக்) எடுத்துக் கணக்கிடுங்கள்.

ஜிஆர்4ஜேவுக்கு நாலே அளவுருக்கள். தினசரி ஓட்டத்துக்கு நான் அதில்தான் தொடங்குவேன். ஸ்வாட் அதை முந்தாவிட்டால், ஸ்வாட்டுக்காக மண் வரைபடம் தேடி அலைந்தது தண்டம்தான், நிலப்பயன்பாடு மாறினால் என்னாகும் என்பது உங்கள் கேள்வியாக இல்லாதவரை.