பசுமைக்குடிலில் வெப்பத்தைக் குறைப்பது எப்படி? முதலில் நிழல், அப்புறம் காற்று, கடைசியில்தான் தண்ணீர்

பசுமைக்குடில் போட்டு முதல் கோடையைச் சந்திக்கிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உள்ளே அனலாக இருக்கிறது, ஃபாகரை எத்தனை நிமிஷம் ஓட்டலாம்?" தண்ணீரைப் பனிமூட்டம் மாதிரி நுண்துளிகளாகத் தெளிக்கும் இந்த ஃபாகர் கடைசியாகத் தொட வேண்டிய விஷயம். வெயிலை அளவுக்கு மேல் உள்ளே விடாமல் தடுப்பது முதல் வேலை, உள்ளே வந்துவிட்ட சூட்டை வெளியே அனுப்புவது இரண்டாவது வேலை, அதற்கு மேலும் மிச்சமிருப்பதைத் தண்ணீரால் தணிப்பது மூன்றாவது. இந்த வரிசை மாறினால் கரண்ட்டும் தண்ணீரும் செலவாகும், இலையில் நோய் வரும், சூடு பெரிதாகக் குறையாது.

தமிழ்நாட்டுச் சமவெளியில் பரவலாக இருக்கும் வகையை வைத்தே எழுதுகிறேன். 1000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 25 சென்ட். மின்விசிறி கிடையாது, இயற்கைக் காற்றோட்டம்தான். மேலே 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட், நான்கு பக்கமும் பூச்சி வலை, அதன் மேல் சுருட்டி ஏற்றும் கர்ட்டன், முகட்டில் ஒரு திறப்பு. பயிர் வெள்ளரி அல்லது குடைமிளகாய். நீலகிரியிலும் ஓசூர் பக்கமும் குளிர்கால இரவு வேறு மாதிரி இருக்கும், அதைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

முதலில், ஏன் இவ்வளவு சூடு?

கோடை மதியத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 900 முதல் 1000 வாட் வரை வெயில் விழுகிறது. ஷீட்டைத் தாண்டி அதில் 70 விழுக்காடு உள்ளே வருவதாக வைத்துக்கொண்டால்கூட, 1000 சதுர மீட்டர் குடிலுக்குள் 650 கிலோவாட் அளவுக்கு இறங்குகிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 650-ஐ ஒரே நேரத்தில் போட்டு வைத்த மாதிரி. வெளியே வயலிலும் இதே வெயில்தான், இன்னும் கூடுதலாகவே விழுகிறது. ஆனால் அங்கே தரையில் சூடேறிய காற்று மேலே போய்விடும், அந்த இடத்துக்குப் புதுக் காற்று வரும். குடிலுக்குள் அதற்கு வழியில்லை.

கண்ணாடி வெப்பக் கதிர்களை வெளியே விடாமல் பிடித்துவைப்பதால்தான் உள்ளே சூடு என்று பள்ளியில் படித்திருப்போம். 1909-ல் ஆர். டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு சிறு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றதை வெப்பக் கதிர் தடையில்லாமல் ஊடுருவும் பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் சூடாயின. அடைபட்ட காற்றுதான் பெரிய காரணம். அதனால்தான் காற்றோட்டத்துக்கு இந்தப் பதிவில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: அளந்து பாருங்கள்

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று குடிலின் நடுவில், செடியின் நுனி உயரத்தில் தொங்க வேண்டும், செடி வளர வளர அதையும் உயர்த்த வேண்டும். இன்னொன்று வெளியே, நல்ல நிழலில். மீட்டர் மேல் நேரடி வெயில் பட்டால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன் பிளாஸ்டிக் எவ்வளவு சூடானது என்பதைத்தான் காட்டும். நான்கு பக்கமும் ஓட்டை போட்ட வெள்ளைப் பெட்டிக்குள் வைத்தால் போதும்.

ஈரப்பதம் சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் காற்று புகாத டப்பாவில் வைத்து மூடி ஒரு ராத்திரி விட்டால், காலையில் 75 விழுக்காடு காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே 40 டிகிரி, 42 டிகிரி என்ற எண்ணை மட்டும் இல்லை, வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை. மதியம் ஒன்றரை மணிக்கு வித்தியாசம் 3, 4 டிகிரிக்குள் இருந்தால் காற்றோட்டம் நன்றாகவே வேலை செய்கிறது, வெளியே கொளுத்துவதற்குக் குடில் பொறுப்பில்லை. 8, 10 டிகிரி என்று போனால் காற்று வெளியேறவில்லை.

ராத்திரி அளவையும் குறித்துவையுங்கள். பகலில் 32 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 24-க்குக் கீழே இறங்காமல் நாள்கணக்கில் போனால் குடைமிளகாயில் பூ உதிரும், காய் பிடிக்காது. வெள்ளரி இதைவிடக் கொஞ்சம் தாங்கும். கோடையில் சமவெளியில் குடைமிளகாய் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.

படி 2: நிழல்

50 விழுக்காடு நிழல்வலையை இழுத்து மூடவும் சுருட்டவும் வசதியாகக் கட்டுங்கள். நிலையாகக் கட்டிவிடாதீர்கள். ஷீட் 70 விழுக்காடு வெளிச்சத்தை விடுகிறது, அதில் பாதியை வலை பிடித்துக்கொண்டால் செடிக்குக் கிடைப்பது 35 விழுக்காடுதான். வெயில் கொளுத்தும் 11 மணியிலிருந்து 3 மணி வரை இது நல்லது, நாள் முழுக்க இருந்தால் கணு நீண்டு செடி ஒல்லியாகி மகசூல் குறையும். மூட்டமான நாளில் வலையைத் தொடவே வேண்டாம்.

வலை ஷீட்டுக்கு மேலே இருப்பது உள்ளே இருப்பதைவிட நல்லது, வெயிலை வெளியிலேயே நிறுத்திவிடும். ஆனால் காற்றுக்குத் தாங்காது என்பதால் நம் ஊரில் பெரும்பாலும் உள்ளேதான் கட்டுகிறார்கள். உள்ளே கட்டினால் கறுப்பு வலை வேண்டாம், அது வெயிலை உறிஞ்சித் தானே சூடாகி அந்தச் சூட்டைச் செடியின் தலைக்கு மேலேயே இறக்கும். வெள்ளி நிற அலுமினிய வலை விலை கூடுதல்தான், ஆனால் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, என்னைக் கேட்டால் பணத்தை இதில் போடுங்கள். அதற்கும் வழியில்லாவிட்டால் ஷீட்டின் மேல் சாக் பவுடர் கரைசலை மெல்லிசாக அடிக்கலாம், மழையில் அதுவே கழுவிப் போய்விடும்.

படி 3: காற்றுக்கு வழி

சூடான காற்று மேலே ஏறி முகட்டுத் திறப்பு வழியாகப் போகும், அது விட்ட இடத்தைப் பக்கவாட்டிலிருந்து வரும் காற்று நிரப்பும். இரண்டு திறப்புக்கும் இடையே உயர வித்தியாசம் கூடக்கூட இந்த இழுவை கூடும். ஆகவே தாழ்வான குடிலுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் ஓரளவுக்கு மேல் பலன் இருக்காது.

சரி, திறப்பு எவ்வளவு வேண்டும்? தரைப் பரப்பில் 15 முதல் 20 விழுக்காடு பக்கவாட்டிலும், அதே அளவு முகட்டிலும் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 1000 சதுர மீட்டருக்கு இரண்டிலும் 150 முதல் 200 சதுர மீட்டர். டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். 25க்கு 40 மீட்டர் குடில் என்றால் சுற்றளவு 130 மீட்டர், வலை உயரம் 2 மீட்டர் என்றால் 260 சதுர மீட்டர், தாராளமாகத் தெரிகிறது. ஆனால் 40 மெஷ், அதாவது ஓர் அங்குல நீளத்துக்கு 40 ஓட்டை உள்ள பூச்சி வலையில் நூல் போக மிச்சமிருக்கும் ஓட்டைகளின் பரப்பு பாதிக்கும் குறைவுதான். 260 என்பது நிஜத்தில் 100 பக்கம் வந்துவிடுகிறது. அதன் மேல் தூசு படிந்தால் இன்னும் மோசம். பைசா செலவில்லாத முதல் வேலை, வலையை உள்ளிருந்து வெளியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது. கோடை தொடங்குவதற்கு முன்பும், அருகில் மண்சாலையோ உழவோ இருந்தால் அடிக்கடியும் செய்யுங்கள். வலையைக் கழற்றிவிடலாமே என்று நினைக்க வேண்டாம், வெள்ளை ஈ உள்ளே வந்தால் வெள்ளரிக்கு வைரஸ் வரும். அதற்குப் பதில் வலையின் உயரத்தைக் கூட்டலாம்.

காற்று எங்கே போகிறது, எங்கே தேங்குகிறது என்று கண்ணால் பார்க்க ஊதுபத்திக் கட்டு போதும். மதியம் நடுவில் நின்று கொளுத்துங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே ஏறினால் நல்லது. சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றால் அது செத்த மூலை. மூலைகளிலும் நடுவிலும் பார்த்து ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துகொள்ளுங்கள். குடிலின் அகலம் 30, 40 மீட்டரைத் தாண்டினால் நடுவில் காற்று போய்ச் சேருவது கஷ்டம், புதிதாகக் கட்டுகிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

முகட்டுத் திறப்பு காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்ட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை, பொள்ளாச்சி, உடுமலை பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து பலமாக வீசும், அங்கே திறப்பு கிழக்கே பார்த்திருந்தால் காற்று முகட்டைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி இழுக்கும். மேற்கே பார்த்திருந்தால் ஷீட்டையே கிழித்துவிடும். குடிலை ஒட்டிச் சோளம், கருவேலம், வைக்கோல் போர் எதுவும் காற்றை மறிக்கக் கூடாது. சுற்றிலும் களையை எடுத்து வைத்தால் காற்றும் வரும், வெள்ளை ஈக்கு ஒதுங்க இடமும் இருக்காது.

கர்ட்டனை எப்போது ஏற்றுவது என்பதில் பலர் தாமதிக்கிறார்கள். சூடு ஏறின பிறகு பத்து மணிக்குத் திறப்பதில் பலனில்லை. ராத்திரி மூடிய குடிலில் ஈரப்பதம் 100 விழுக்காட்டை நெருங்கி, ஷீட்டில் நீர் கோத்து, சொட்டுச் சொட்டாக இலையில் விழும், அடிச்சாம்பல் நோய்க்கு அதுதான் வாசல். விடிந்ததும் திறந்துவிடுங்கள். சமவெளியில் கோடையில் ராத்திரியும் மூட வேண்டிய அவசியமே இல்லை. ஓசூரிலும் நீலகிரியிலும் மார்கழி, தை மாதங்களில் பொழுது சாயும் முன் மூடி, காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது, அடர்ந்த பயிர் உள்ள மூடிய குடிலில் காலை வெயிலிலேயே அது கணிசமாகக் குறைந்து செடியின் வளர்ச்சி சுணங்கும்.

படி 4: செடியை வேலை செய்ய விடுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 0.68 யூனிட் கரண்ட்டுக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. நன்கு வளர்ந்த பயிர் இலை வழியாக விடும் நீராவி, உள்ளே வரும் வெப்பத்தில் பாதியைக்கூட வாங்கிக்கொள்ளும். எந்த ஃபாகரும் தராத குளிர்ச்சி இது. ஆனால் வேரில் தண்ணீர் இருந்தால்தான் நடக்கும். காலையில் ஒரே தடவையாகச் சொட்டுநீர் விட்டு முடிக்காமல், கோடையில் பகல் முழுக்கப் பிரித்து, முக்கியமாக 11 முதல் 3 மணிக்குள் சிறிது சிறிதாக விடுங்கள். சித்திரையில் அடி இலைகளை அளவுக்கு மீறிக் கழிக்காதீர்கள். நாற்று நடுவதையும் மார்ச் வெயிலுக்குள் இலை மூடிவிடும்படி முன்கூட்டியே திட்டமிடுங்கள், ஏப்ரல் கடைசியில் நட்ட சின்னஞ்சிறு செடிகளால் குடிலைக் குளிர்விக்க முடியாது.

படி 5: இப்போது ஃபாகர்

தண்ணீரால் எவ்வளவு குளிரும் என்பது உங்கள் ஊர்க் காற்றைப் பொறுத்தது. தருமபுரி பக்கம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால், ஆவியாதலால் போகக்கூடிய கடைசி எல்லை சுமார் 24 டிகிரி. சென்னை, கடலூர் கரையோரம் 36 டிகிரி, 60 விழுக்காடு என்றால் எல்லை 29-லேயே நின்றுவிடும். இயற்கைக் காற்றோட்டக் குடிலில் ஃபாகர் இந்த எல்லையை எட்டாது, பாதி வழி போனாலே நல்லது. கரையோரத்தில் இருப்பவர்கள் அந்தப் பணத்தை நிழலிலும் திறப்பிலும் போடுவதே மேல்.

ஓட்டும் முறை: திறப்புகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், ஈரக்காற்று வெளியேறினால்தான் அடுத்த சொட்டு ஆவியாகும். டைமரில் 20, 30 வினாடி ஓட்டி, சில நிமிஷம் நிறுத்துங்கள். இடைவெளி எவ்வளவு என்று இலைதான் சொல்லும்: அடுத்த தடவை ஓடுவதற்குள் இலை காய்ந்திருக்க வேண்டும், காயவில்லை என்றால் இடைவெளியைக் கூட்டுங்கள். ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள், மாலை 4 மணிக்கு மேல் தொடவே வேண்டாம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் நாசில் அடைத்து, பெரிய சொட்டாக ஒழுகி, இலையில் வெள்ளைப் புள்ளி விழும். ஃபில்டரை அடிக்கடி கழுவுங்கள், ஒழுகும் நாசிலை அன்றைக்கே மாற்றுங்கள்.

ஒரு பக்கம் நனைந்த அட்டை வழியாகக் காற்றை இழுத்து எதிர்ப்பக்க விசிறியால் வெளியேற்றும் ஃபேன்-பேட் அமைப்பு 38 டிகிரி வறண்ட காற்றை 27 வரை இறக்கிவிடும், ஆனால் நிமிஷத்துக்கு ஒரு முறை குடிலின் மொத்தக் காற்றையும் மாற்றும் அளவுக்கு விசிறி வேண்டும், மற்ற திறப்பெல்லாம் மூடியிருக்க வேண்டும். கரண்ட் போனால் சில நிமிஷத்திலேயே உள்ளே சூடு எகிறும், ஜெனரேட்டர் இல்லாமல் அதை நினைக்கவே கூடாது. 25 சென்ட்டில் தொடங்குகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். இரண்டு வகையையும் கட்டுவதற்கு முன் நேரில் பார்க்க வேண்டும் என்றால், திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் ஒத்துழைப்போடு தொடங்கிய காய்கறி மகத்துவ மையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள், முடிந்தால் மதிய வெயிலில்.

மழையும் காற்றும் வரும்போது

ஆடிக் காற்றில் காற்று மோதும் பக்கத்துக் கர்ட்டனை மட்டும் இறக்குங்கள், எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரல் அடிக்கும் பக்கத்தை மூடினால் போதும். மழை விட்டதும், இன்னும் தூறுகிறதே என்று காத்திருக்காமல், அதைத் திறந்துவிட்டு ஷீட்டில் கோத்த நீர் காய்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள்.