வொண்டர் வுமன் தனிக்கதை இதழ்கள்: வாசகர் கடிதங்களை எடைபோடும் முறை

மாதாமாதம் 'தொடரும்' போட்டு நகரும் ஒரு காமிக்ஸ் தொடரில், ஒரே இதழில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும் கதைக்கு வரும் கடிதங்களைத் தனியாக எடுத்துப் படிப்பது பயனுள்ளது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஊகத்துக்கு அங்கே அதிக வேலை இல்லாததால், அந்தக் கதாநாயகியிடம் தாம் எதைத் தேடி வருகிறோம் என்பதையே வாசகர் சொல்லவேண்டியதாகிறது. 1987இல் எழுத்தாளரும் ஓவியருமான ஜார்ஜ் பெரெஸ் புதிதாகத் தொடங்கிவைத்த, அமெரிக்க சாகச நாயகி வொண்டர் வுமனின் தொடரில் இத்தகைய இதழ்கள் பல இருப்பதால், அதை வைத்தே முறையை விளக்குகிறேன்.

கடிதங்கள் அதே இதழில் கிடைக்காது. ஒரு இதழ் கடைக்கு வரும்போதே அடுத்த சில இதழ்களின் வேலை முடிந்திருக்கும் என்பதால், அதைப் பற்றிய கடிதங்கள் சில மாதங்கள் தள்ளித்தான் அச்சாகும். 20ஆம் இதழுக்கான எதிர்வினையை 24ஆம் இதழை ஒட்டித் தேடத் தொடங்குவது நல்லது. பிற்காலத்தில் வந்த தொகுப்பு நூல்களில் பெரும்பாலும் கடிதப் பக்கங்கள் இருப்பதில்லை. எனவே பழைய தனி இதழ்களையே நாடவேண்டும். வாங்குமுன் கடிதப் பக்கம் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விளம்பரக் கூப்பனை யாரோ கத்தரித்து எடுத்திருந்தால், அதன் மறுபக்கத்தில் இருந்த கடிதமும் பாதியோடு போயிருக்கும்.

கடிதத்துக்குப் போகுமுன் கதையைப் படித்து, அது எவ்வாறு சொல்லப்பட்டிருக்கிறது என்பதை ஓரிரு வரிகளில் குறித்துக்கொள்ளுங்கள். 8ஆம் இதழில் டயானாவைப் (வொண்டர் வுமனின் இயற்பெயர்) பற்றி நாம் அறிவதெல்லாம் அவளைத் தன் வீட்டில் தங்கவைத்த ஜூலியா, ஜூலியாவின் மகள் வனெசா, தோழி எட்டா முதலிய பிறர் எழுதிவைத்த குறிப்புகள் வழியாகத்தான். 1988இல் வந்த 20ஆம் இதழோ ஒரு துப்பறியும் கதை. டயானாவின் விளம்பரப் பொறுப்பாளர் மிண்டி மேயரின் மரணத்தை விசாரிக்கும் காவல் அதிகாரி எட் இண்டெலிகாட்டோதான் கதைசொல்லி. முடிவை முன்கூட்டி அறிய விரும்பாதவர் அடுத்த வாக்கியத்தைத் தாண்டிவிடலாம்: சுடப்படுவதற்கு முன்பே மிண்டி போதைப்பொருளால் இறந்துவிட்டிருந்தார். ஆகவே இந்த இதழைப் பற்றி எழுதியவர் முடிவை ஏற்கவில்லை என்றால், துப்பறியும் கதையாக அது நியாயமாக அமையவில்லை என்கிறாரா, அல்லது அன்பான ஒரு பாத்திரத்தை இப்படி இழந்துவிட்டோமே என்று வருந்துகிறாரா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கோபச் சொற்களில் வரும். ஆனால் முதலாவது கதையமைப்பைப் பற்றியது, இரண்டாவது பாத்திரத்தின் மீதுள்ள பற்றைப் பற்றியது.

'இந்த மாதம் ஒன்றுமே நடக்கவில்லை' என்ற குறையும் தனிக்கதைகளுக்கு எளிதில் வரக்கூடியது. அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. பெரெஸும் எழுத்தாளர் மிண்டி நியூவெல்லும் சேர்ந்து எழுதி 1990இல் வந்த 46ஆம் இதழில், வனெசாவின் தோழி லூசி தற்கொலை செய்துகொள்கிறாள். அமேசான் இளவரசியான டயானாவின் வலிமை அங்கே எதற்கும் உதவுவதில்லை. சண்டையை எதிர்பார்த்துக் காசு கொடுத்தவர் ஏமாற்றம் அடைந்தால் அதில் தவறில்லை. அவ்வாறு எழுதியவர் வெறும் சண்டைக் காட்சியைத்தான் கேட்கிறாரா, அல்லது டயானா வனெசாவின் வீட்டில் இருந்தும் கதைக்கு அவசியமற்றவளாக நிற்கிறாள் என்கிறாரா என்று பாருங்கள். பின்னது கூர்மையான விமர்சனம். அதற்குக் கதைக்குள்ளிருந்தே பதில் தேடவேண்டும்.

எழுதியவருக்குத் தொடர் எந்த அளவு தெரியும் என்பதையும் கவனியுங்கள். 2001இல் ஃபில் ஹிமெனெஸும் ஜோ கெல்லியும் எழுதிய 170ஆம் இதழில் நிருபர் லோயிஸ் லேன், டயானாவுடன் ஒரு நாளைக் கழித்துப் பேட்டி எடுக்கிறார். புதிதாக வந்தவருக்கு இது நல்ல அறிமுகம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு சூப்பர்மேன் கதைகள் வரும் ஆக்‌ஷன் காமிக்ஸ் 761ஆம் இதழில், இதே கெல்லி எழுதிய கதையில், சூப்பர்மேனும் டயானாவும் ஆயிரம் ஆண்டுகள் வேற்றுலகப் போரில் ஒன்றாக நின்றதைப் படித்தவருக்கு, சூப்பர்மேனின் மனைவியான லோயிஸின் கேள்விகளில் உள்ள பொறாமையும் தயக்கமும் உடனே புரியும். தனிக்கதை என்று பெயர் இருந்தாலும் முற்றிலும் தனித்து நிற்கும் கதை அரிது. இரு சாராரும் பாராட்டினாலும் அவர்கள் பாராட்டுவது ஒன்றையே அல்ல என்பதால், ஒரே வகையில் சேர்க்காதீர்கள்.

அச்சில் வந்தவை எல்லாம் ஆசிரியர் குழு தேர்ந்து, சுருக்கி வெளியிட்டவை என்பதையும் மறக்கலாகாது. பத்தில் எட்டுக் கடிதங்கள் புகழ்ந்தால் வாசகர்களில் எண்பது விழுக்காட்டினர் புகழ்ந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பக்கம் காட்டுவது கருத்துகளின் வகைகளை மட்டுமே, எண்ணிக்கையை அன்று. ஆசிரியர் எந்தக் கடிதத்துக்கு நீண்ட பதில் தந்திருக்கிறார் என்று பார்த்தால், எந்தக் குறை அவரைத் தைத்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். குறிப்பெடுக்கும்போது கதை வந்த இதழின் எண், கடிதம் அச்சான இதழின் எண் ஆகிய இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியவரின் முகவரி பல கடிதங்களில் அச்சாகியிருக்கும், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.