கீழ் ஃப்ரீசர் ஃப்ரிட்ஜ்: கேஸ் நிரப்பச் சொல்வதற்கு முன்

மேலே வைத்த பால் புளித்துவிட்டது, கீழே இறைச்சி கல்லாக உறைந்திருக்கிறது. உடனே வீட்டில் எழும் பேச்சு, “கேஸ் போயிருக்கும், ஆளைக் கூப்பிடு.” ஃப்ரீசர் கீழே இருக்கும் ஃப்ரிட்ஜ்களில் மக்கள் செய்யும் தவறுகளில் அதிகம் செலவு வைப்பது இதுதான். கேஸ் உண்மையிலேயே கசிந்திருந்தால் ஃப்ரீசரும் சேர்ந்தே சோர்ந்துவிடும். ஐஸ்கிரீம் இளகும், உறைந்த மீன் அழுத்தினால் அமுங்கும். கீழே நன்றாக உறைந்து மேலே மட்டும் குளிரவில்லை என்றால், குளிர் உண்டாகிறது, ஆனால் மேலே வந்து சேரவில்லை.

இந்த வகை ஃப்ரிட்ஜ்களில் பலவற்றில் குளிர் உண்டாகும் சுருள் ஒன்றே ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஒரு சிறிய விசிறி அங்கிருந்து குளிர்காற்றை எடுத்து, முதுகுப்பக்கப் பாதை வழியாக மேலறைக்குத் தள்ளுகிறது. எவ்வளவு காற்று போகலாம் என்பதை வழியில் உள்ள ஒரு சின்னத் தடுப்பு திறந்து மூடி முடிவு செய்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, தானாக மேலே ஏறாது. விசிறி, பாதை, தடுப்பு மூன்றில் எதில் கோளாறு வந்தாலும் முதலில் வாடுவது மேலறைதான். மேலுக்கும் கீழுக்கும் தனித்தனிச் சுருள் வைத்த மாடல்களும் உண்டு; அவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஃப்ரிட்ஜில் உள்ள கேஸ் ஓடி ஓடித் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடி அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போனால், அந்தப் பணமும் கேஸோடு சேர்ந்து கசிந்துவிடும்.

சரி, காற்று ஏன் நிற்கிறது? மிக எளிய காரணம், நாமே வழியை அடைப்பது. ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் போய்விட்டு வந்து, காய்கறிப் பைகள், இட்லி மாவுப் பாத்திரம், தேங்காய்ப்பால் பொட்டலம் எல்லாவற்றையும் பின்சுவரோடு ஒட்டித் திணிக்கிறோம். அந்தச் சுவரில்தான் காற்று வரும் துளைகள் இருக்கின்றன. துளைக்கு முன்னால் இருக்கும் கீரை உறைந்து கறுக்கும், கதவுப் பக்கம் இருக்கும் தயிர் புளிக்கும். ஒரே தட்டில் இந்த இரண்டும் நடந்தால் சந்தேகமே வேண்டாம். பின்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கீழே இழுப்பறைகளிலும் இதே கதைதான். நிரம்பி வழியும் இழுப்பறை முழுதாக உள்ளே போகாது. கதவு மூடியதுபோல் தெரியும், ஆனால் ஒரு மயிரிழை இடைவெளி விட்டிருக்கும்.

அந்த மயிரிழைதான் சிங்கப்பூரில் பெரிய வில்லன். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். சமையலறையில் குளிர்சாதனம் இருப்பதும் அபூர்வம். உள்ளே நுழையும் ஈரம் நேராகப் போய்ச் சுருளில் பனியாகப் படியும். “இது பனி படியாத ஃப்ரிட்ஜ்தானே” என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பனி படியத்தான் செய்கிறது. சுருளுக்கு அடியில் உள்ள ஹீட்டர் அவ்வப்போது அதை உருக்கிவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஹீட்டரோ அதன் சென்சாரோ பழுதானால் பனி வளர்ந்துகொண்டே போய்ச் சுருளை மூடிவிடும், காற்று நின்றுவிடும். சில வேளை விசிறியின் இறக்கை ஐஸில் உரசி கடகடவென்று சத்தமும் போடும்.

இதைக் கண்டுபிடிக்க ஆள் தேவையில்லை, பொறுமை போதும். உணவை அண்டை வீட்டிலோ ஐஸ் பெட்டியிலோ வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவுகளையும் திறந்து, கீழே பழைய துண்டுகளைப் பரப்பி, ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். பிறகு ஓட விட்டால் மேலறை அருமையாகக் குளிர்ந்து, சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ மறுபடி சோர்ந்தால், பனி உருக்கும் பகுதியில்தான் பழுது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். திரும்பச் சோரவே இல்லை என்றால், கதவு சரியாக மூடாமல் ஈரம் புகுந்ததுதான் காரணமாக இருந்திருக்கும். பழுதுபார்ப்பவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். “ஃப்ரிட்ஜ் வேலை செய்யவில்லை” என்பதற்கும் “பனி உருகியதும் ஆறு நாள் நன்றாக ஓடியது” என்பதற்கும் பில்லில் வித்தியாசம் தெரியும்.

ஐஸைக் கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ குத்திப் பெயர்ப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பின்பலகைக்குப் பின்னால் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. ஒரு குத்தில் ஃப்ரிட்ஜே முடிந்துவிடும். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற கேஸ் இருக்கிறது. அது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. ஓட்டை விழுந்து சீறல் கேட்டால் அடுப்பை அணைத்து, சுவிட்ச் எதையும் தொடாமல், சன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

ஃப்ரீசரின் தரையில் கண்ணாடிபோல ஐஸ் பலகை படிந்து இழுப்பறை அசையாமல் போனால், அது வேறு பிரச்சினை. உருகிய நீர் வெளியே போகும் துளை அடைத்திருக்கிறது. அந்த நீர் பின்னால் கம்ப்ரசருக்கு மேல் உள்ள தட்டுக்குப் போய் ஆவியாக வேண்டும். வழியில்லாததால் உள்ளேயே உறைகிறது. ஐஸ் உருகியபின், துளை கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். துளை பலகைக்குப் பின்னால் இருந்தால் ஆளிடம் விடுவதே நல்லது.

கதவு ரப்பரைச் சோதிக்க இரண்டு வெள்ளி (டாலர்) நோட்டு ஒன்று போதும். நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. சுற்றிலும் பல இடங்களில் பாருங்கள், கீழ்க் கதவின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள். அரிசியும் தூசியும் சேர்வது அங்கேதான். மடிப்புகளில் கறுப்பாகப் பூஞ்சை இருந்தால் பழைய பல்துலக்கியும் சோப்பு நீரும் போதும். ரப்பரை மாற்றுமுன் முன்கால்களைச் சற்று உயர்த்திப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் லேசாகப் பின்னால் சாய்ந்து நின்றால் கதவு தானாக வந்து ஒட்டும்.

பக்கச் சுவர் சுடுகிறது என்று பயப்படுவோர் நிறைய. பயம் வேண்டாம். பழைய ஃப்ரிட்ஜ்களின் முதுகில் தெரிந்த கறுப்புக் கம்பிவலை இப்போது பக்கச் சுவர்களுக்குள் போய்விட்டது. உள்ளிருந்து எடுத்த வெப்பம் அங்கே வெளியேறுகிறது. பயப்பட வேண்டியது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு புதுப்பிக்கும்போது அழகுக்காக ஃப்ரிட்ஜை அலமாரிக்குள் இறுக்கிச் செருகுவதைத்தான். வெப்பம் போக இடமின்றி கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். கையேட்டில் எவ்வளவு இடைவெளி கேட்டிருக்கிறது என்பதை, தச்சரிடம் அளவு கொடுக்குமுன் பாருங்கள். அப்புறம் அலமாரியை அறுக்க முடியாது.

குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகில் உள்ள எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1 முதல் 5 வரை எழுதியிருப்பது டிகிரி அல்ல. பெரும்பாலான மாடல்களில் எண் கூடினால் குளிர் கூடும். உண்மையான வெப்பநிலை தெரிய, ஒரு குவளை நீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18.

வீட்டு மின்சாரம் காரணமே இல்லாமல் அவ்வப்போது டிரிப் ஆகிறதா? பனி உருக்கும் ஹீட்டரில் மின்கசிவு இருக்கலாம். அது சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் இயங்கும் என்பதால் யாரும் ஃப்ரிட்ஜைச் சந்தேகிப்பதில்லை. பிளக்கை நீட்டிப்பு வயரில் மாற்றிச் சமாளிக்காதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பிளக்கைக் கழற்றிக் கதவை மூடிவிட்டுப் போவது வீணான வேலை. இந்த ஈரத்தில் திரும்பி வருவதற்குள் உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கும். ஓடவிட்டுப் போங்கள். அல்லது காலி செய்து, துடைத்து உலர்த்தி, கதவுகள் மூடாதபடி துண்டைச் செருகிவிட்டுப் போங்கள்.

எல்லாம் பார்த்தும் கம்ப்ரசரே போய்விட்டது என்று தெரிந்தால், வயதான ஃப்ரிட்ஜுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கட்டாது. புதிது வாங்கும்போது கடைக்காரரிடம் பழையதைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். 2021 ஜூலை முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, புதிய ஃப்ரிட்ஜைக் கொண்டுவரும்போதே பழைய ஒன்றை அவர்கள் எடுத்துச் செல்ல வேண்டும்.