"ஒரு ஊசி போட்டாச்சுக்கா"

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கூடையில் துண்டு விரித்து லேப்ரடார் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐம்பது நாள் குட்டி. கோட்டைப் பக்கம் நடக்கவிடப் போகிறானாம்.

"ஊசி?"

"ஒன்னு போட்டாச்சுக்கா."

பதினான்கு வருடத்துக்கு முன்னால் நானும் எங்கம்மாவிடம் இதையேதான் சொன்னேன். நாய்க்குச் சாக்லேட் ஆகாது, பட்டாசுச் சத்தம் ஆகாது என்பதெல்லாம் இப்போது குழந்தைகளுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நானே செய்து கையைச் சுட்டுக்கொண்டவை மட்டும் இங்கே.

முதல் ஊசியோடு தெருவுக்குப் போவது

என் முதல் குட்டி கருப்பி. ஒரு ஊசி போட்ட தைரியத்தில் பாலாற்று மணலில் ஓடவிட்டேன். ஐந்தாறு நாள் கழித்துச் சோறு வேண்டாம் என்று மூலையில் படுத்தது. சாயந்திரம் வாந்தி. மறுநாள் காலையில் ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தவுடனே 'பார்வோ' என்றார், குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். டிரிப்ஸ் ஏற்றினோம். மூன்றாம் நாள் போய்விட்டது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு, இருபதாம் நாளே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தேன். அதே பாய், அதே தட்டு. அதுவும் பிழைக்கவில்லை. முதல் சாவுக்கு அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை நினைத்தால் இன்னும் எனக்கு என்மேலேயே எரிச்சல்தான்.

விஷயம் இதுதான். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை, நாம் போடும் ஊசி மருந்தையும் அது அடித்துவிடும். எந்தக் குட்டிக்கு அது எந்த வாரத்தில் குறையும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழவேண்டும். பல நோய்க்கும் சேர்த்து '9 இன் 1' என்று அட்டையில் எழுதியிருந்தாலும் அது ஒரு ஊசிதான், ஒன்பது ஊசி அல்ல. ரேபிஸ் ஊசி தனி, 3 மாதத்தில். பக்கத்து ராணிப்பேட்டையில் 1932-லிருந்து ஆடு, மாடு, கோழிக்குத் தடுப்பு மருந்து செய்கிறார்கள். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நமக்கு ஊசிக் கணக்கு தெரியவில்லை.

அப்புறம், பார்வோ கிருமி பினாயிலுக்கு அசையாது. நிழலான மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், நம் செருப்போடு வீட்டுக்குள்ளும் வரும். தரையில் இருக்கும் அழுக்கை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி எடுங்கள். பிறகு பிளீச் திரவம் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிடுங்கள். பாயைக் கொளுத்திவிடுங்கள். மண் தோட்டத்தை ஒன்றும் செய்யமுடியாது. அந்த வீட்டுக்கு அடுத்து வருவது ஊசி எல்லாம் முடித்த நாயாக இருக்கட்டும்.

அதற்காகக் குட்டியை நான்கு மாதம் அறைக்குள் பூட்டவும் வேண்டாம், பயந்தாங்கொள்ளியாக வளரும். தூக்கிக்கொண்டு போங்கள். ஆட்டோ சத்தம், மணி சத்தம் எல்லாம் கேட்கட்டும். கால் மட்டும் தரையில் படக்கூடாது.

பூனைக்குப் பாரசிட்டமால்

ஒரு மாத்திரை போதும், கொன்றுவிடும். குழந்தையின் காய்ச்சலுக்கு வாங்கிய சிரப்பும் பெரும்பாலும் அதே மருந்துதான். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஈறு பழுப்பாகி முகம் வீங்கினால் அந்த நிமிடமே டாக்டரிடம் ஓடுங்கள்.

பினாயில் துடைத்த ஈரத்தரையும் அப்படித்தான். பூனை அதில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். காயும்வரை வெளியே விடுங்கள்.

நாயின் உண்ணி மருந்தைப் பூனைமேல் விடுவது

பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். வலிப்பு வரும்.

ஆம்பூர் பிரியாணி எலும்பு

கூடாது. வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலில் குத்தும்.

வேலூர் வெயில்

கத்திரி வெயிலில் தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். கையை எடுத்துவிட்டீர்களா? நாயும் நடக்கக்கூடாது. பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களால் மூச்சிரைத்துச் சூட்டைச் சரியாகத் தணிக்க முடியாது. காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடவேண்டும். நாக்கு தொங்கி, தள்ளாடி விழுந்தால் சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பையன் கோட்டைக்குப் போகவில்லை. கூடையை எங்கள் மாடிப்படியில் வைத்துவிட்டு, நாட்காட்டியில் 16 வாரம் என்றைக்கு நிறைகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு முறை தப்பாக எண்ணினான். குட்டி அதற்குள் என் செருப்பின் வாரைக் கடித்துவிட்டது.