நியூயார்க் வாடகை வீட்டில் பூஞ்சையும் ஆஸ்துமாவும்: செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் ஆஸ்துமாவால் கறுப்பினத்தவர் இறக்கும் விகிதம் வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இதற்கான காரணத்தை ரத்தத்தில் தேடுவதைவிடச் சுவரில் தேடுங்கள். 1930களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்களை வரைபடத்தில் சிவப்பாக்கி, அங்கே வீட்டுக் கடன் தராமல் ஒதுக்கினார்கள். கலிபோர்னியாவின் எட்டு நகரங்களில் பார்த்தபோது, அந்தப் பகுதிகளிலிருந்து ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்கு வருவோர் விகிதம், அன்று சிறந்தவை எனக் குறித்த பகுதிகளைவிட இன்றும் 2.4 மடங்கு. சுவரில் பூஞ்சை இருக்கும்போது மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நோய் அடங்காது.

முதலில் பூஞ்சை அலர்ஜியை உறுதிசெய்யுங்கள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின், லோராடடின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் தடிப்பு எழாது. 'அலர்ஜி இல்லை' என்று எழுதிவிடுவார்கள். இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. ஆல்டர்நேரியா, கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜிலஸ், பெனிசிலியம் ஆகிய நான்கு பூஞ்சைகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். 15 நிமிடத்தில் 3 மி.மீ. தடித்தால் பாசிட்டிவ். ஆல்டர்நேரியா பாசிட்டிவ் என்றால் அலட்சியம் வேண்டாம். உயிருக்கே ஆபத்தான மூச்சுத்திணறலோடு தொடர்புள்ள பூஞ்சை அது.

ஸ்பைரோமெட்ரி என்ற நுரையீரல் ஊதல் சோதனையின் ரிப்போர்ட்டையும் வாங்கிப் பாருங்கள். பழைய கணக்கில் கறுப்பினத்தவருக்கு 'இயல்பு' என்ற அளவையே 10 முதல் 15 சதவீதம் தாழ்த்தி வைத்திருந்தார்கள். நுரையீரல் கெட்டிருந்தாலும் 'நார்மல்' என்று வந்துவிடக்கூடும். 2023இல் அமெரிக்க மார்பு நோய் சங்கம் இனம் பார்க்காத கணக்கைப் பரிந்துரைத்தது. அதன் பெயர் 'ஜிஎல்ஐ குளோபல்'. ரிப்போர்ட்டில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் அந்தக் கணக்கில் மறுபடி போடச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். 2022இல் வெளியான ஆய்வு 1,201 கறுப்பின, லத்தீன் பெரியவர்களை வைத்து நடந்தது. வழக்கமான மருந்தோடு, மூச்சுத்திணறலுக்கு உடனடி நிவாரணம் தரும் அல்புடெரால் ஒரு பஃப் இழுக்கும்போதெல்லாம் 80 மைக்ரோகிராம் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரையும் ஒரு பஃப் சேர்த்து இழுத்தவர்களுக்குக் கடும் தாக்குதல் சுமார் 15 சதவீதம் குறைந்தது.

இனி சுவர். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியை நகர்த்தி, பெயிண்ட் உப்பிய இடத்தை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் பின்னால் ஈரம் ஊறுகிறது; குழாய்க் கசிவாகவோ மழைநீராகவோ இருக்கலாம். என்ன வகைப் பூஞ்சை என்று காற்றைச் சோதிக்கப் பணம் செலவழிக்க வேண்டாம். எதுவானாலும் அகற்றத்தான் வேண்டும். 10 சதுர அடிக்குள் இருந்தால் கசிவை அடைத்த பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்த்து, முழுக்கக் காயவிடலாம். என்-95 மாஸ்க், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். இதை ஆஸ்துமாக்காரர் செய்யக் கூடாது. வேலை முடியும்வரை அந்த அறையிலும் இருக்கக் கூடாது. ஊறிப்போன ஜிப்சம் பலகையைக் கழுவிப் பயனில்லை, வெட்டி எறிய வேண்டும். பிளீச் ஊற்றினால் நிறம் வெளுக்கும், நெடி மூச்சைப் பிடிக்கும். மேலே பெயிண்ட் அடித்தால் உரிந்து வரும். சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி, அளவை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள்.

பூஞ்சையின் பரப்பு 10 சதுர அடிக்கு மேல் போனால் நீங்கள் தொட வேண்டாம். நியூயார்க் நகரின் 2018ஆம் ஆண்டு 55ஆம் எண் சட்டப்படி, மூன்று அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள கட்டடத்தின் உரிமையாளர் ஆண்டுதோறும் பூஞ்சையைச் சோதிக்க வேண்டும். ஈரத்தின் காரணத்தையும் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் கேளுங்கள். அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள், தேதி தெரியட்டும். ஆஸ்துமாவையும் பூஞ்சை அலர்ஜியையும் ஒரே தாளில் குறிப்பிடும் மருத்துவர் கடிதத்தை இணையுங்கள். உரிமையாளர் அசையாவிட்டால் நகர நிர்வாகத்தின் உதவி எண்ணான 311க்கு அழைத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த இடத்திலேயே கறுப்பு மறுபடி பூத்தால் கசிவு இன்னும் நிற்கவில்லை. பழைய எண்ணைச் சொல்லி மறுபடியும் அழையுங்கள்.