கேக் டின்ல சுத்துற உறுமி: பிலிம்ல நீங்களே சத்தம் பதிய ஒரு வழி

பழைய 35 எம்எம் சினிமா சுருள வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா, படத்துக்கும் ஓரத்து ஓட்டைக்கும் நடுவுல ஒரு பட்டை தெரியும், அதுதான் சத்தம். செகண்டுக்கு 456 மில்லிமீட்டர் வேகத்துல ஓடுறப்ப ஒரு விளக்கு அதுக்குள்ள ஊடுருவி அந்தப் பக்கம் இருக்குற போட்டோசெல் (வெளிச்சத்த மின்சாரமா மாத்துற பாகம்) மேல விழும், பட்டைக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் கூடிக் குறையிறதுதான் சத்தமா மாறுது, அவ்வளவுதான்.

அந்த வேகத்துக்கு ஒரு ரெக்கார்ட் பிளேயர் போதும். நிமிஷத்துக்கு 33⅓ சுத்துங்கிற வேகத்துல ஒரு சுத்துக்கு 1.8 செகண்ட், 25 சென்டிமீட்டர் வட்ட கேக் டின்ன தட்டுக்கு நடுவுல ஒட்டுனா அதோட விளிம்பு செகண்டுக்கு 436 மில்லிமீட்டர் ஓடும். இன்னும் படம் எடுக்காத கறுப்பு வெள்ளை பிலிம்ல 80 சென்டிமீட்டர் வெட்டி, எமல்ஷன் (வெளிச்சம் பதியிற பூச்சு இருக்குற பக்கம்) வெளிய பாக்குற மாதிரி, பாதி அகலம் டின்னுக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி சுத்தி ஒட்டுங்க. இதெல்லாம் கும்மிருட்டுல நடக்கணும், சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி வீட்டுல இருக்குற பாம் ஷெல்டர் ரூம விட நல்ல இடம் கிடையாது.

உயிர் முழுக்க சிலிட்லதான், அதாவது வெளிச்சம் வர்ற மெல்லிசான இடுக்குலதான் இருக்கு. ரெண்டு பிளேடுக்கு நடுவுல 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசான தகடு) வச்சு ஒட்டிட்டு கேஜ உருவிடுங்க, பின்னாடி வெள்ளை எல்இடி. இடைவெளி பெருசானா கூர்மையான சத்தம் எல்லாம் மழுங்கிடும், பிலிம் ஓடுற திசைக்கு சிலிட் நேர் குறுக்கா நிக்கணும், என்னுது முதல்ல கொஞ்சம் சாஞ்சதுல நான் பதிஞ்ச உறுமி மேளம் போர்வைக்குள்ள அடிக்கிற மாதிரி கேட்டுச்சு. பிலிம தொட்டும் தொடாம வைங்க.

எல்இடி எப்பவும் பாதி வெளிச்சத்துல எரியணும், சத்தம் அதைக் கூட்டிக் குறைக்கணும். சும்மா ஆம்ப்ளிஃபையர நேரா குடுத்தா அலையோட கீழ்ப்பாதி காணாமப் போயி கரகரன்னு ஆகிடும். பேட்டரி, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் சிம் லிம் டவர்ல கிடைக்கும். போன் ஸ்கிரீன் வெளிச்சமே பிலிம கெடுத்துடும், அதனால தம்பிய போனோட வெளிய நிக்க வச்சு வயர மட்டும் கதவு இடுக்குல கறுப்பு டேப் போட்டு உள்ள இழுத்துக்கிட்டேன், தைப்பூசத்துல எடுத்த உறுமிய அவன் ஓட விட்டான், நான் எல்இடிய ஒரே ஒரு சுத்துக்கு போட்டேன். ரெண்டாவது சுத்து ஏறிடுச்சுன்னா ரெண்டும் குழம்பிடும்.

கழுவுறப்ப நம்ம குழாய்த் தண்ணி சூடுதான், டெவலப்பர (பதிஞ்சத வெளிய கொண்டு வர்ற ரசாயனம்) ஐஸ் தண்ணி பேசின்ல வச்சு 20 டிகிரிக்குக் கொண்டு வந்துடுங்க.

காஞ்சதும் அதே டின்ல அதே மாதிரி ஒட்டி, வெளிய அதே சிலிட்டும் பேட்டரில எரியிற எல்இடியும், டின்னுக்குள்ள போட்டோசெல் மாதிரி வேலை செய்யிற போட்டோடயோடு, அதுல இருந்து ஆம்ப்ளிஃபையர் மைக் இன்புட். நெகட்டிவ்வாவே ஓட்டலாம், காதுக்கு வித்தியாசம் தெரியாது. கரண்ட்ல எரியிற பல்பு வேணாம், 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். பேட்டரி எல்இடி போட்டும் ம்ம்ம்னு ஒரு ஓசை விடாம வந்தா வெளிச்சம் ஓரத்து ஓட்டை மேல விழுதுன்னு அர்த்தம், சிலிட்ட ரெண்டு மில்லிமீட்டர் கீழ இறக்கிப் பாருங்க.